சத்தம் போடும் சக்கரம்

— பத்தொன்பது நாள்டா தம்பி. உன் அத்தானுக்கு ஆபரேஷன் பண்ணித் தலைக்குள்ள வச்ச காது மிஷினுக்கு ஸ்விட்ச் போட்டு இன்னியோட பத்தொன்பது நாள். மூணு வாரத்துல வாங்க, அதுக்குள்ள சத்தமெல்லாம் பேச்சா மாற ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொன்னார். திங்கக்கிழமை போகணும்.

— அக்கா, மெதுவாப் பேசு. அத்தான் அங்கதான் உக்காந்திருக்கார்.

— மெதுவா எதுக்கு? முதுகைக் காட்டிட்டுப் பெட்டி பிரிச்சிட்டு இருக்கார். உதட்டைப் பாத்தாத்தான் அவருக்குப் பேச்சு. முதுகுக்கு என்ன தெரியும்? மூணு வருஷமா மனசுல இருக்கிறதையெல்லாம் இந்த முதுகுகிட்டதான் கொட்டிட்டு இருக்கேன். திட்டுறதும் அங்கதான், அழுறதும் அங்கதான்.

— அப்படி ஒரு முதுகுக்கு எத்தனை பொம்பளைங்க தவம் கிடக்கிறாங்க தெரியுமா?

— போடா. உனக்கு எல்லாம் விளையாட்டு.

— சரி, காதுக்குப் பின்னாடி அந்தப் பொத்தானை ஒட்டினா இப்ப என்னதான் கேக்குதாம்?

— முதல் நாள், தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்குன்னார். நான் பேசினாலும் கூழாங்கல், கதவைச் சாத்தினாலும் கூழாங்கல். இப்பல்லாம் கேட்டா "பாப்போம்". அந்த ஒரு வார்த்தைதான்.

— ஏன் அப்படி?

— போன வருஷம் காதுல மாட்டுற மிஷின் ஒண்ணு வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? மாட்டின அன்னிக்கே "கேக்குது"ன்னுட்டார். நான் உனக்கு ஃபோன் போட்டு, அம்மாவுக்குப் போட்டு, ஆபீஸ்ல ஒருத்தர் விடாம சொல்லி, மறுநாள் பாத்தா ஒண்ணுமே இல்ல. ஆசைதான் கேட்டிருக்கு, காது கேக்கல. அன்னிக்கு நான் அழுததைப் பாத்துட்டு, இனிமே நூத்துக்கு நூறு தெரியாம வாயே திறக்கமாட்டேன்னுட்டார்.

— அதான் வாயை மூடிட்டு சைக்கிள்ல இறங்கிட்டாரா?

— காய்ச்சல் வந்து காது போனதுல இருந்து அந்த ஃபிரேம் சுவத்துல தொங்கிட்டு இருந்துச்சு. ஹெல்மெட் போட்டுக்கிட்டு நிதானமா மலைப்பாதைக்குப் போகலாம்னு போன வாரம் ஆபரேஷன் காயத்தைப் பாத்த டாக்டர் சொன்னாரோ இல்லையோ, வந்ததும் இறக்கிட்டார். எனக்குப் பாதி உயிர் அப்பவே திரும்பி வந்துடுச்சு.

— மீதிப் பாதி?

— அது அந்தக் கூழாங்கல்லுக்குள்ள இருக்கு. முன்னெல்லாம் அவர் சைக்கிள் தெருமுனை திரும்பும்போதே டிக்டிக்டிக்னு கேக்கும். எழுந்து டீக்குத் தண்ணி வைப்பேன். அவர் உள்ள வரவும் டீ இறங்கவும் சரியா இருக்கும். அந்தச் சத்தம் போய் மூணு வருஷம் ஆச்சு. அவருக்கு மட்டுமாடா காது போச்சு?

— ரெண்டு பேர் வாயும் அசைஞ்சுட்டே இருக்கு. மாப்ள, இங்க வா. எனக்கு நேரா நில்லு, உதடு தெரியணும்.

— வந்துட்டேன் அத்தான். பின்சக்கரத்துக்கு இந்தப் பல்சக்கர அடுக்கு, கேசட், எப்படி? பன்னெண்டு கியர். கடைசிப் பல்சக்கரத்தைப் பாருங்க, சாப்பாட்டுத் தட்டு மாதிரி. ஐம்பத்திரண்டு பல்லு. எங்க கடையில இதுக்கு மேல பெரிசு கிடையாது.

— பின்னாடிக்கு இது சரி. கியர் மாத்துற டெரெய்லர்?

— ரெண்டு இருக்கு. ஒண்ணு சாதாரணக் கேபிள். இன்னொண்ணு ஒயரே இல்லாதது, பேட்டரி. பொத்தானைத் தொட்டா தானா மாறும். சத்தியமா சொல்றேன் அத்தான், ஒரு தடவை தொட்டீங்கன்னா கேபிளைத் திரும்பிப் பாக்கமாட்டீங்க.

— என் தலைக்கு ஒரு பேட்டரி தினமும் சார்ஜ் போடணும். அதுவே போதும். கேபிள் போடு.

— முன்னாடி பல்சக்கரம்? கண்ணை மூடிட்டு முப்பத்தி நாலு பல்லு போடுங்க. காய்ச்சலுக்கு முன்னாடி அதுதானே ஓட்டினீங்க?

— கணக்குப்படி பாரு மாப்ள. அன்னிக்கு ஓட்டினது வேற காலு. இது மூணு வருஷம் ஆபீஸ் நாற்காலிக்குக் கீழ தூங்கின காலு. முன்னாடி முப்பது, பின்னாடி ஐம்பத்திரண்டு. பெடல் முழுச் சுத்து சுத்தினா சக்கரம் அரைச் சுத்துக்குக் கொஞ்சம் மேல சுத்தும். மெதுவா இருந்தாலும் எந்த ஏத்தமும் ஏறலாம்.

— முப்பதா? பழகுறவங்க போடுறது அத்தான் அது. கடையில என் மானம் போகும்.

— ஏத்தத்துல இறங்கித் தள்ளிட்டுப் போனா என் மானம் போகும். உன் மானமா, என் மானமா?

— டேய், அவர் சொல்றதைப் போடுடா. ஏங்க, இருபத்தெட்டுன்னு ஒண்ணு இருக்காமே? இன்னும் லேசா இருக்குமாம். அதைப் போட்டா என்ன?

— அதைப் போட்டா சமதரையில காலு மட்டும்தான் மிக்ஸி மாதிரி சுத்தும், சைக்கிள் நகராது. நீ நடந்தே என்னைத் தாண்டிப் போயிடுவே.

— நல்லதுதானே. ஒரு நாளாவது நான் முன்னாடி போறேன்.

— முப்பது. முடிஞ்சுது. மாப்ள, அந்த ரெண்டு பின்சக்கரத்தையும் எடு.

— இதுலதான் நீங்க நல்லா யோசிக்கணும். நடுவுல கேசட் மாட்டுற ஹப் இருக்கே, அதுல ரெண்டு தினுசு கொண்டு வந்திருக்கேன். கடை மூடுறதுக்குள்ள ஒண்ணைத் திருப்பிக் கொண்டு போய் வைக்கணும். இந்தக் கறுப்பு, பூனை. பெடல் போடாம உருட்டினாக்கூட மூச்சுச் சத்தம் வராது. இந்தச் சாம்பல், உள்ள டிக்டிக்னு தட்டுற ஆறு குட்டி நாக்கு. உருட்டினா பக்கத்துத் தெரு நாய் குரைக்கும். மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான்.

— கறுப்பைத்தானே போன வாரமே கேட்டிருந்தீங்க?

— ஆமாக்கா. 'கேக்காத காதுக்கு எதுக்குடா மேளம்'னு எனக்கு மெசேஜ் போட்டார்.

— போட்டேன். இப்ப ரெண்டையும் ஒரு தடவை சுத்தி விடு, பாக்கிறேன்.

— இது கறுப்பு. இது சாம்பல்.

— சாம்பலை இன்னொரு தடவை.

— கேக்குதா, ரயில் போற மாதிரி? அடச்சே, மன்னிச்சிடுங்க அத்தான். கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்லிச் சொல்லி வாயில வந்துடுச்சு.

— பரவால்ல. சாம்பலையே மாட்டு.

— சாம்பலா? உங்களுக்கு எதுக்குங்க அது?

— எனக்கு இல்ல. நான் தெருமுனை திரும்புறது வீட்டுல இருக்கிறவளுக்குத் தெரியணும். தண்ணி கொதிக்க நேரம் வேணுமில்ல?

— டேய், இந்தப் பக்கம் வா. அவர்கிட்ட நீ சொன்னியா?

— எதை?

— டீத்தண்ணி விஷயத்தை.

— சத்தியமா இல்லக்கா. உன் கண்ணு முன்னாடிதானே நிக்கிறேன். பழைய ஞாபகத்துல சொல்லியிருப்பார்.

— ஞாபகம் இருக்க அவருக்கு அது தெரிஞ்சாத்தானே? "எப்படி நான் வர்ற நேரத்துக்குச் சரியா டீ இருக்கு"ன்னு கேப்பார். என் கைராசின்னு சொல்லி வச்சிருந்தேன். நிஜத்தை ஒரு நாளும் சொன்னதில்ல.

— கட்டின பொண்டாட்டி புளுகினதைக் கண்டுபிடிக்க இத்தனை வருஷம் ஆயிருக்கு. விடு.

— மாப்ள, செயின். பின்னாடி பெரிய பல்லு, முன்னாடி பல்லு, ரெண்டையும் சுத்திக் கொண்டு வா. இப்போதைக்கு டெரெய்லருக்குள்ள விடாதே. ரெண்டு முனையும் சேர்ற இடத்துல ரெண்டு கண்ணி கூட விட்டு வெட்டு.

— ரெண்டு எதுக்கு? இறுக்கமா இருந்தா அழகா இருக்கும்.

— அழகா இருக்கும், முதல் ஏத்தத்துல டெரெய்லரைப் பிச்சுக்கிட்டு வரும். ரெண்டு விடு.

— சரி, ரெண்டு. வெட்டியாச்சு, கோத்தாச்சு. நான் பெடலைச் சுத்துறேன், நீங்க வந்து விரல் வைங்க அத்தான்.

— விரலா? சுத்துற செயின்லயா?

— செயின்ல இல்லக்கா, டெரெய்லர் மேல. காது போனப்புறம் என் சைக்கிளுக்கெல்லாம் அத்தான் அப்படித்தான் கியர் சரி பண்ணிக் கொடுக்கிறார். பல்லு எங்கயாவது உரசினா விரல் நுனியில அதிருமாம். நான் காதால கேட்டுப் பண்றதைவிட அவர் விரல் சுத்தம்.

— நீ சுத்து மாப்ள. ஒவ்வொரு கியரா மேல போ. நான் இந்தக் குப்பையைப் பெட்டியில அள்ளிப் போடுறேன்.

— விரல் வைக்காமயா? நீங்க அந்தப் பக்கம் திரும்பிட்டா எப்படித் தெரியும்? அத்தான். அத்தான்.

— திரும்பி உக்காந்தாச்சு, இனி யார்கிட்ட சொல்றே? இந்த மனுஷனுக்குக் குப்பைன்னா போதும், உலகமே மறந்துடும். அவர் சொன்னபடி நீ சுத்து.

— சுத்துறேன். நீ ஏன் கண்ணைத் துடைக்கிறே?

— ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட சொல்லிடாதே. திங்கக்கிழமை டாக்டர் இது சரியா வரலைன்னு சொன்னாலும் அந்த ரூமுக்குள்ள நான் அழமாட்டேன். வீட்டுக்கு வந்து இந்த முதுகுகிட்ட அழுதுக்கிறேன். அவர் மறுபடியும் மலைக்குப் போறார், அதுவே எனக்குப் பெரிசு.

— அப்ப எதுக்கு இப்பவே அழறே?

— ஒரு சின்ன ஆசைடா. பின்னாடி நின்னு "ஏங்க"ன்னு கூப்பிடுவேன். அவர் திரும்பணும். ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான்.

— மாப்ள, அங்கயே நிறுத்து. ஏழாவது கியர்தானே?

— ஆமா அத்தான். ஏன்?

— உரசுது. கேபிள் திருகைக் கால் சுத்து விடு. சுத்திப் பாரு. இன்னும் கால் சுத்து. ம், இப்ப போயிடுச்சு.

— அக்கா.

— என்னடா?

— அவர் விரல் வைக்கல. இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல. ஏழாவதுல லேசா உரசினது எனக்கே அவர் சொன்னப்புறம்தான் கேட்டுச்சு.

— ஏங்க.

— இதோ, திரும்பிட்டேன். நூத்துக்கு நூறு ஆகட்டும்னு நாலு நாளா வாயை மூடிட்டு இருந்தேன். இனிமே திட்டுறதா இருந்தாலும் அழுறதா இருந்தாலும் முன்னாடி வந்து நில்லும்மா, முதுகுக்கு எல்லாம் கேக்குது.