ஒன்பதாவது பெயர்

அது ஒண்ணுமில்லைங்க டாக்டர், குழாய். பழைய வீடு, பழைய ஹீட்டர். பிப்ரவரில மில்வாக்கி முழுக்க இருட்டினதும் இப்படித்தான், டங் டங்குன்னு ஆரம்பிச்சுடும். ஸ்கூல் ஆராய்ச்சிக்காக இந்தக் குளிர்ல வந்திருக்கீங்க, கோட்டைக் கழட்டி அந்த நாற்காலி மேலயே போடுங்க. கேக் நேத்து செஞ்சது, பரவாயில்லையா?

ஆமா, ஜோசி என் பொண்ணுதான். மூணாம் கிளாஸ். உள் ரூம்ல வாசிச்சிட்டிருக்கா. கூப்பிடணுமா? சரி, அப்புறமா கூப்பிடறேன். இந்த ஸ்கூல்ல குலுக்கல்லதாங்க அவளுக்கு இடம் கிடைச்சுது. ஜிம்ல நானூறு பேர், மேடையில கூண்டுல பந்தை உருட்டி நம்பர் எடுத்தாங்க. எங்க நம்பர் வந்தப்ப பக்கத்துல இருந்த லொரெய்ன் என் கையைப் பிடிச்ச பிடில நகத் தடம் ரெண்டு நாள் இருந்துது. லொரெய்ன் எங்க மாடியில குடியிருக்கறவ. அவ பொண்ணு கீலி நம்பரும் அன்னைக்கே வந்துது. ரெண்டு பேரும் பார்க்கிங்ல நின்னு பைத்தியம் மாதிரி சிரிச்சோம்.

கீலியா? ஆமாங்க. உங்க தாள்ல அவ டெக்ஸாஸுக்குப் போயிட்டதாத்தான் இருக்கும்.

குலுக்கல்ல ஜெயிச்ச பிள்ளைங்களுக்கு, தோத்தவங்களை விட வாசிப்புல பன்னெண்டு புள்ளி கூடியிருக்குன்னு நீங்க கணக்குப் போட்டது எனக்கும் தெரியும். அந்த ஸ்கூல் ஆபீஸ்லதான் எனக்கு வேலை, வருகைப் பதிவு, சேர்க்கை எல்லாம் நான்தான். டைரக்டர் ஹால்க்விஸ்ட் அந்த நம்பரைக் கதவுல ஒட்டி வச்சிருக்காரு. உங்க அறிக்கை வந்ததும் ஊருக்குத் தெற்கால இன்னொரு ஸ்கூலையும் எங்ககிட்டயே குடுத்துடுவாங்கன்னு பேச்சு. எல்லாமே ஏமாத்துன்னு நினைச்சுடாதீங்க டாக்டர். எங்க டீச்சருங்க உசிரை விட்டுச் சொல்லிக்குடுக்கறாங்க. நெஜமாவே கூடியிருக்கும். எத்தனை புள்ளி கூடியிருக்கும்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இல்லைங்க, எலி இல்லை. குழாய்னு சொன்னேனே.

நீங்க ஜனவரில இங்க வந்திருக்கணும். ரெண்டாவது வெள்ளிக்கிழமை தலை எண்ணுவாங்க. ஒரு தலைக்கு இவ்வளவுன்னு அரசாங்கம் குடுக்குற காசு அந்த எண்ணிக்கையை வச்சுத்தான். அன்னைக்கு ஒரு பிள்ளை வரலைன்னாலும் நான் வீட்டுக்கே போன் பண்ணுவேன். காய்ச்சல்னா, பத்து நிமிஷம் தலையை மட்டும் காட்டிட்டுப் போகட்டும்பேன். வர்றவங்களுக்கெல்லாம் டோனட். கீலி ரெண்டு தின்னா. மூக்கெல்லாம் சர்க்கரை.

அதுக்கடுத்த திங்கக்கிழமை ஹால்க்விஸ்ட் என்னைக் கூப்பிட்டாரு. பயிற்சிப் பரீட்சையில மார்க் குறைஞ்ச பிள்ளைங்க பட்டியல் ஒண்ணு. ரெனாடா, இந்தக் குடும்பங்களோட கொஞ்சம் மனசு விட்டுப் பேசுங்க, நம்ம ஸ்கூல் அவங்க பிள்ளைக்குப் பொருந்துதான்னு அவங்களே யோசிக்கட்டும்னாரு. அவர் வாயில போ அப்படிங்கற வார்த்தை ஒருநாளும் வராதுங்க. பொருத்தம்னுதான் சொல்லுவாரு, கல்யாணத் தரகன் மாதிரி. மூணு வாரத்துல நெஜப் பரீட்சை. காசுக்கு எண்ணியாச்சு, மார்க்குக்கு எண்ணறதுக்கு முன்னாடி அனுப்பிடணும்.

ஒன்பது பேர்.

உங்க வேலையில எனக்குப் பிடிச்சது என்னன்னா, நீங்க விடமாட்டீங்க. குலுக்கல்ல ஜெயிச்ச பிள்ளை எங்களை விட்டு வேற ஸ்கூலுக்குப் போனாலும் தேடிப் போய் அது மார்க்கை எங்க கணக்குலதான் சேப்பீங்க. அது அவருக்கும் தெரியும். அதனால இந்த ஊர்லயே வேற ஸ்கூல்னு எழுதக்கூடாது. வேற மாநிலம்னு எழுதினா அங்க மார்க் உங்களுக்குக் கிடைக்காது, நீங்க கைவிட்டுடுவீங்க. விட்டுட்டீங்க, இல்லையா? உங்களைக் குத்தம் சொல்லலைங்க.

நான் கன்னியாஸ்திரிகள்கிட்ட படிச்சவ. சிஸ்டர் பெர்பெதுவா, பொய் சொன்னா அடிக்கமாட்டாங்க. சொன்ன பொய்யை நல்ல கையெழுத்துல ஒரு தாள்ல எழுதுன்னு உக்காரவச்சுடுவாங்க. பாதி எழுதறதுக்குள்ள அழுதுடுவோம். கம்ப்யூட்டர்ல அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு கட்டம், கீழ ஏழு காரணம், நாலாவது வேற மாநிலம், அதைத் தொட்டா முடிஞ்சுது.

ஆமா. ஒன்பதையும் நான்தான் தொட்டேன்.

எழுதிக்கோங்க, பரவாயில்லை. வேலை போகும். ஜோசிக்கு ஆஸ்துமா, இன்ஷூரன்ஸ் இந்த வேலையோடதான் வருது. அந்த ஒரு பயத்துலதான் அஞ்சு வாரம் வாயைத் திறக்கலைன்னு நானும் எனக்கே சொல்லிப் பாத்துட்டேன்.

அப்படி இல்லைங்க.

பட்டியல்ல ஒன்பதாவது பேரு ஜோசி. என் பொண்ணு. முப்பத்தொண்ணு மார்க். ஹால்க்விஸ்ட் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, இதை உங்க இஷ்டத்துக்கே விட்டுடறேன், எனக்கு ஒன்பது இருந்தா சரின்னாரு. பத்தாவது இடத்துல முப்பத்திமூணு. ரெண்டே மார்க் வித்தியாசம். கீலி.

ஜோசிக்குப் பதிலா அவ பேரைத்தான் குடுத்தேன். இதே மேஜைலதான் லொரெய்னை உக்காரவச்சேன். இதே கேக்தான். கீலி இங்க திணர்றா, சின்ன கிளாஸா இருந்தா நல்லா வருவான்னேன். அவ எழுந்து வந்து என்னைக் கட்டிக்கிட்டா. நீயாவது நேர்ல சொன்னியே, மத்தவங்களா இருந்தா கடுதாசி அனுப்பியிருப்பாங்கன்னா. அவ தங்கச்சி ஹூஸ்டன்ல இருக்கா. அது எனக்குத் தெரியும்கறதால டெக்ஸாஸ்னு போட்டேன். பொய்யும் நம்பற மாதிரி இருக்கணுமில்ல.

அப்புறம் லொரெய்ன் பக்கத்து ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க இருந்தவங்க கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, உங்க பொண்ணு டெக்ஸாஸ்ல இருக்கே, அங்கிருந்து விடுவிப்புச் சீட்டு வாங்கிட்டு வாங்கன்னாங்களாம். எதிர்ல கையைப் பிடிச்சுட்டு நிக்கிற பிள்ளையை வச்சுக்கிட்டு. லொரெய்ன் அதைச் சொல்லிச் சொல்லி சிரிச்சா முதல் வாரம். ரெனாடா, நீ ஆபீஸ்ல இருக்கியே, இந்தக் கூத்தைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடேன்டின்னா. பாக்கறேன்னேன். இப்பவும் பாக்கறேன்னுதான் சொல்லிட்டிருக்கேன். ஒரு கட்டத்தை மாத்தினா போதும். மாத்தினா அந்தத் தேதில அவ பேரு உங்க கணக்குக்குள்ள வந்துடும், யார் தொட்டதுன்னு ஹால்க்விஸ்ட் கேப்பாரு.

ஒன்பது வயசுப் பிள்ளை அஞ்சு வாரமா எந்த ஸ்கூலுக்கும் போகலைங்க.

கேக்குதா? மூணு தட்டு. மூணுன்னா வெளிய வா. ரெண்டுன்னா வாசிச்சு முடிச்சிட்டியா. கரண்டியால மேல இருந்து ஹீட்டர் குழாயைத் தட்டுவா, ஜோசி கீழ இருந்து பதில் தட்டுவா. ஜோசியோட கரண்டியை நான் எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன். அதனாலதான் இவ்வளவு நேரமா தட்டறா. உங்க டெக்ஸாஸ் பிள்ளை உங்க தலைக்கு மேலதான் உக்காந்திருக்கு டாக்டர்.

கோட்டை எடுத்துக்கோங்க. பின் கதவு வழியாப் போனா மேல படி. பதிமூணு படி, விளக்கு எரியாது, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க. லொரெய்ன் ஏழு மணிக்குத்தான் முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்புவா, இப்ப இருப்பா. போனதும் முதல்ல என் பேரைச் சொல்லிடுங்க. நாலாவதா அஞ்சாவதா இல்லை, முதல்ல. இல்லாட்டி அவ நேரா கீழ ஓடி வருவா, பாத்தியாடி, உங்க ஆபீஸ்ல எந்தப் பாவியோ என் குழந்தையை என்ன பண்ணியிருக்கான்னு என் தோள்லயே சாஞ்சு அழறதுக்கு. அதை என்னால தாங்க முடியாது.

நான் வரலைங்க.

மத்த எட்டு பேரும் இந்தக் கவர்ல இருக்காங்க, விலாசத்தோட. கையாலயே எழுதியிருக்கேன். கையெழுத்து சரியா இருக்காது, நேத்து ராத்திரி எழுதினது.

ஏறிட்டீங்களா? பாத்து. இந்தப் பின் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கறதே ஆறு வருஷமா ஞாபகம் இல்லை, பிள்ளைங்க மேலயும் கீழயும் ஓடிட்டே இருக்கற வீட்டுல யார் போடறா. பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சு இறுகிக் கிடக்கு. இருங்க.

ம். வந்துடுச்சு. பயந்துடாதீங்க டாக்டர், இந்தச் சத்தம் குழாய் இல்லை. நான்தான், தாழ்ப்பாளை உள்ள போட்டுக்கிட்டேன்.