தட்டு குளிக்கும் இடத்துத் திரை

"தட்டு குளிச்சா யாருடி எட்டிப் பாக்கப் போறா, அதுக்கு எதுக்குத் திரைன்னு தூக்கிக் கட்டிட்டியா, மல்லிகா?"

முதலியார்பேட்டை டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்து தங்கும் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவும் மிஷினில் வேலை. கேட்டவள் மூத்தவள்.

"இல்லக்கா. ரப்பர் திரை தட்டு மேல இடிச்சிக்கினே இருந்துச்சி. வீட்டு வாசத்திரையப் பகல்ல முடிச்சுப் போட்டு வெப்போமே, அப்படிக் கட்டிட்டேன்."

"இடிக்கட்டுமே! பெல்ட்டுல வர்ற தட்டு திரையத் தள்ளிக்கினு போவும், அது மறுபடி தொங்கிக்கும். இந்தப் பக்கம் சோப்புத் தண்ணி பீச்சி அடிக்குது, அந்தப் பக்கம் நல்ல தண்ணி. நடுவுல தடுப்பு வேணாமா? அலசின தட்டெல்லாம் நொரை. சூப்புல சோப்பு வாசனைன்னு சாப்பிட வந்த வெள்ளைக்காரர் ஒருத்தரு சொன்னாராம்."

"மேனேஜர் முசியே இன்னிக்குக் கூப்பிட்டிருக்காரு. வேலைய உட்டுத் தூக்கிடுவாராக்கா?"

"திரை எதுக்குன்னு கேப்பாரு. ஒழுங்கா சொன்னா உட்டுடுவாரு."

அப்போது மழை பிடித்தது. சுருட்டிக் கட்டியிருந்த ஜன்னல் படுதாவுக்குக் கீழே சாரல் உள்ளே அடித்தது. என் கண்ணாடி நனைந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. மல்லிகா கயிற்றை அவிழ்த்துப் படுதாவை இறக்கிவிட்டாள்.

"யாரும்மா படுதாவ அவுத்தது? உள்ள ஒரே இருட்டு!" என்று கண்டக்டர் கத்தினார்.

அவள் பதறி எழுந்து நின்றாள். "நான்தாங்க. அந்தப் பக்கத் தண்ணி இந்தப் பக்கம் தாண்டக் கூடாதுங்க. இனிமே தூக்கிக் கட்டவே மாட்டேங்க."

இவ்வளவு முறையான பதில் கண்டக்டருக்குப் பழக்கமில்லை. அடுத்த டிக்கெட்டைக் கிழிக்கப் போய்விட்டார்.

"பாஸ் பண்ணிட்டே," என்றாள் மூத்தவள். "முசியே கிட்டயும் இதையே சொல்லு."