ஓவன் விற்பனைக்கு

மூத்த மருமகள்: மூணரை ஆச்சுன்னா இந்த ஜன்னல்ல வெளிச்சம் நிக்காது. சீக்கிரம் எடுடி.

இளைய மருமகள்: எடுக்கத்தானேக்கா போறேன். அந்த வெள்ளைப் போர்வையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க. பின்னாடி சுவத்துல எண்ணெய்க்கறை தெரியுது.

மூத்தவள்: தெரியட்டுமே. நம்ம சுவரு, நம்ம கறை.

இளையவள்: வாங்கறவங்க ஓவனைப் பார்க்கணும். நம்ம லட்சணத்தை இல்ல.

மூத்தவள்: போதுமா?

இளையவள்: இன்னும் மேல... ஐயோ, இப்போ ஓவன் கதவுல உங்க முகம் தெரியுது. நகருங்க.

மூத்தவள்: இருக்கட்டும் விடு. அழகா இருக்கேனா?

இளையவள்: ஓவனோட சேர்த்து உங்களையும் தர்றோம்னு நினைச்சுக்கப் போறாங்க.

மூத்தவள்: என்னை யாரு வாங்குவா? கட்டின புருஷனே நாளைக்கு லாரியில சாமானோட சாமானாத்தான் ஏத்திட்டுப் போறார்.

இளையவள்: அந்தப் பேச்சை விடுங்கக்கா.

மூத்தவள்: என்னடி?

இளையவள்: ஒண்ணுமில்ல. அசையாதீங்க. எடுக்கறது கஷ்டமா இருக்கு.

மூத்தவள்: போர்வையைத் தூக்கிப் பிடிச்சிருக்கிறது நான். உனக்கு என்ன கஷ்டம்?

இளையவள்: இந்தக் கேமரா பழக்கமில்ல. பட்டன் எல்லாம் கடுகு சைசுல இருக்கு.

மூத்தவள்: உன் போனுல எடுத்திருக்கலாம்.

இளையவள்: அதை மாவுப் பாத்திரத்துல போட்டது யாரு?

மூத்தவள்: நீதான். தோள்ல இடுக்கிக்கிட்டுப் பேசாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? துடைச்சு, காயப்போட்டு, பேச்சு வந்துச்சு. அதோட கேமராவுக்குப் பார்வைதான் போயிடுச்சு.

இளையவள்: ...எடுத்தாச்சு.

மூத்தவள்: சத்தமே வரலையே?

இளையவள்: நிறுத்தி வெச்சிருக்கேன். மாமா உள்ளே தூங்கறாரில்ல.

மூத்தவள்: என் புருஷன் குறட்டைக்கு மேலயா இது கேக்கப் போகுது? பளிச்சுன்னு வெளிச்சமும் அடிக்கலையே?

இளையவள்: ஃபிளாஷ் போட்டா கண்ணாடியில வெள்ளையா தெறிக்கும். படம் எடுக்கிறது நானா, நீங்களா?

மூத்தவள்: சரி தாயே. இந்தத் திருகுற குமிழ் உடைஞ்சிருக்கே, அதைக் கிட்டப் போய் எடு.

இளையவள்: போன வாரமே எடுத்தேனே.

மூத்தவள்: திரும்ப எடு. கதவு ஓரத்துக் கீறலை எடு. உள்ளே கருகின இடத்தையும் எடு. இடது பக்கம் சீக்கிரம் தீஞ்சுபோகும்னு கீழே எழுது.

இளையவள்: இப்படி எழுதினா யாருக்கா வாங்குவா?

மூத்தவள்: சொல்லி வித்தா மனசுக்கு நிம்மதி.

இளையவள்: மாமாவோட குறட்டையைப் பத்தி உங்ககிட்ட யாராவது முன்னாடியே சொன்னாங்களா?

மூத்தவள்: சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன். ...இன்னைக்கு யாராவது கூப்பிட்டாங்களா?

இளையவள்: இல்லக்கா.

மூத்தவள்: நேத்து?

இளையவள்: நேத்தும் இல்ல. விளம்பரத்தைப் பார்க்கிறாங்க. யாரும் வாய் திறந்து கேக்கலை.

மூத்தவள்: நிறைய பேரு பார்க்கிறாங்களோ?

இளையவள்: ஆமா... நிறைய.

மூத்தவள்: ம். உங்க மாமா காலைல ஒரே குதியா குதிச்சார். புது வீட்டு அடுப்படியில கையை நீட்டினா சுவத்துல இடிக்குது, இதை எங்கே கொண்டுபோய் வைக்கிறதுன்னு. படம் சரியில்ல, அதான் ஒருத்தரும் வரலையாம். சாயங்காலம் அவரே கம்ப்யூட்டர்ல உக்காந்து பார்க்கப் போறாராம்.

இளையவள்: இன்னைக்கேயா?

மூத்தவள்: உனக்கு ஏன் வேர்க்குது?

இளையவள்: புழுக்கமா இருக்கு.

மூத்தவள்: நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதை விக்கவே வேணாம். இங்கேயே இருக்கட்டும், நானே கேக் போட்டுக்கறேன்னு. வேணாம்னு முகத்துல அடிச்ச மாதிரி சொன்னே.

இளையவள்: மாமாவுக்கு டிரான்ஸ்பர் வந்துருச்சுன்னு சொன்ன அதே வாயால கேட்டீங்க. வேற என்ன சொல்லுவேன்? ரெண்டு பேரா மாவு கலக்கின இடத்துல ஒருத்தியா நின்னு யாரைத் திட்டறது?

மூத்தவள்: உன் புருஷனைத் திட்டு.

இளையவள்: அவருக்கு உறைக்காது. உங்களுக்குத்தான் உறைக்கும்.

மூத்தவள்: ...வந்த புதுசுல இந்த ஓவன் முன்னாடி உக்காந்து அழுதே. ஞாபகம் இருக்கா? என்னடின்னா, கண்ணுல புகைன்னே.

இளையவள்: புகைதான்.

மூத்தவள்: கரண்டு ஓவன்டி. புகை ஏது?

இளையவள்: நீங்களும் தலையாட்டிட்டு ஜன்னலைத் திறந்து விட்டீங்களே.

மூத்தவள்: பின்னே? ஒரே வீட்டுக்கு மருமகளா வந்தாச்சு. ஒருத்தி சொல்ற பொய்யை இன்னொருத்தி காப்பாத்தலைன்னா எப்படி?

இளையவள்: போதும்க்கா. போர்வையை மடிச்சிடலாம்.

மூத்தவள்: இரு. எடுத்ததைக் காட்டு.

இளையவள்: அப்புறம் கம்ப்யூட்டர்ல பெரிசா காட்டறேன்.

மூத்தவள்: இப்போ சின்னதா காட்டு.

இளையவள்: வெளிச்சத்துல திரை தெரியாது.

மூத்தவள்: போர்வையைப் போட்டு மூடிக்கலாம். உள்ளே வா.

இளையவள்: சின்னப் பிள்ளையா நீங்க?

மூத்தவள்: வாடி. ...இது என்ன, சிவப்பா எழுத்து?

இளையவள்: பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு.

மூத்தவள்: காலைலதான் புதுசு போட்டேன்.

இளையவள்: மட்டமான பேட்டரி போல.

மூத்தவள்: நான் படிக்கட்டுமா?

இளையவள்: மூக்குக்கண்ணாடி இல்லாம படிக்க மாட்டீங்களே.

மூத்தவள்: தலைமேலதான் இருக்கு. இரு... 'கார்டு இல்லை'. அப்படித்தானே?

இளையவள்: ஆமாக்கா.

மூத்தவள்: எப்போலேர்ந்து?

இளையவள்: முதல்லேர்ந்தே. மாமா கேமராவைக் கையில குடுத்தாரில்ல, அன்னைக்கே திறந்து பார்த்தேன். உள்ளே காலி. கார்டு இல்லாம இதுல ஒரு படம்கூட நிக்காது.

மூத்தவள்: அப்போ விளம்பரம்?

இளையவள்: போடவே இல்ல.

மூத்தவள்: நிறைய பேரு பார்த்தாங்கன்னே.

இளையவள்: சும்மா சொன்னேன்.

மூத்தவள்: கார்டைக் காணோம்னு ஏன் சொல்லலை?

இளையவள்: சொன்னா மாமா கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுவார். படம் வரும். ஆள் வரும். ஓவன் போயிடும். ...அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு வர உங்களுக்கு என்னக்கா இருக்கு? அன்னைக்கு வேணாம்னு சொன்னது கோபத்துல. இது இங்கே கிடந்தா, தூசி தட்டவாவது வருவீங்கன்னு...

மூத்தவள்: போர்வையைத் தள்ளிட்டு வெளியே வா.

இளையவள்: அக்கா. கோபமா?

மூத்தவள்: கையை நீட்டு.

இளையவள்: அடிக்கப் போறீங்களா?

மூத்தவள்: நீட்டுடி.

இளையவள்: ...என்னக்கா இது? கார்டு! எங்கே கிடைச்சுது?

மூத்தவள்: கிடைக்கலை. நான்தான் கழட்டினேன். கேமரா உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே. அன்னைலேர்ந்து ஏப்ரன் பையில போட்டுக்கிட்டுத் திரியறேன். கார்டைக் காணோம்க்கான்னு நீ வந்து நிப்பே, குடுத்துடலாம்னு தினமும் பார்த்தேன். நீ வந்திருந்தா மனசைக் கல்லாக்கிட்டுக் கிளம்பியிருப்பேன். ...காலைல லாரி வந்து வாசல்ல நிக்கும். இப்போ நான் எப்படிடி அதுல ஏறறது?