ஓர் இழை கீழே

என் குரல் சுமாரான குரல். பேட்டி எடுக்க வருகிறவர்கள் மரியாதைக்காக மறுப்பார்கள். நீங்கள் மறுக்க வேண்டாம்.

ஆரம்பத்தில் தையல் கடைக்குக் கீழே ஒரு நிலவறையில் வாசித்தோம். மேலே மிஷின் ஓடினால் எங்கள் டிரம்ஸ்காரன் அதோடு தாளம் சேர்த்துக்கொள்வான். நான் கிட்டார். பாடுகிறவனை வெண்கலம் என்று கூப்பிடுவோம். அவன் வாயைத் திறந்தால், பேசிக்கொண்டிருக்கிறவர்கள் பேச்சை விட்டுவிடுவார்கள். பாட்டெல்லாம் நான் எழுதியவை. அந்த நாட்களில் இதைத்தான் எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒலி பார்க்கத் தனி ஆள் கிடையாது. மேடையில் யார் காதில் என்ன கேட்க வேண்டும் என்பதை நான்தான் மிக்ஸரில் வைத்துக்கொடுப்பேன். வெண்கலம் சரிபார்க்கக்கூட மாட்டான். "நீ வச்சா சரியாத்தான்டா இருக்கும்" என்று இயர்போனை மாட்டிக்கொள்வான்.

ஒரு நாள் இசைக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து எங்கள் கச்சேரியைக் கேட்டார். போகும்போது என்னிடம், குரல் மட்டும் போதும், வாசிக்க எங்களிடம் ஆள் இருக்கிறது, நாளை பாடகரிடம் பேசுகிறேன் என்றார். வெண்கலம் என்னிடம் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் மூச்சு விடவில்லை. நம்மைக் கழற்றிவிடப் போகிறான் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த கச்சேரியில் அவன் காதுக்குப் போகும் வாத்தியங்களை மட்டும் ஓர் இழை சுருதி இறக்கி வைத்தேன். அவன் தனக்குக் கேட்டதோடு சுத்தமாகச் சேர்ந்துதான் பாடினான். கூட்டத்துக்குத்தான் பிசிறடித்தது. இது கம்பெனிக்காரர் காதுக்குப் போய் அவர் மனம் மாறினால் போதும், ஒரு தடவையோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கும் குறுகுறுத்தது. ஆனால் கை நிற்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கச் செய்தேன்.

ஒத்திகையில் நன்றாகப் பாடுகிறவன், மேடை ஏறினால் விலகினான். பதிவைப் போட்டுக் கேட்டு, தலையில் கைவைத்து உட்காருவான். காது டாக்டர் எந்தக் குறையும் இல்லை என்றதும்தான் மனிதன் உடைந்துபோனான். காதில் இல்லையென்றால் கோளாறு தன்னிடம்தான் என்று ஆகிவிட்டதல்லவா? கடைசியில் மைக்கை என் கையில் கொடுத்து, "நீயே பாடு. பாட்டு உன்னோடதுதானே" என்றான். நான் கொஞ்சம் பிகு செய்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். முடி வெட்டும் கடையில்கூட என் பாட்டுதான் ஓடுகிறது. முதல் விருது வாங்கிய அன்று அந்தக் கம்பெனிக்காரரைப் பார்த்தேன். தான் கேட்ட நிமிஷமே வெண்கலம், "அவன் இல்லாம நான் வர மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். என் மனம் நோகும் என்றுதான் அவன் வாய் திறக்கவில்லை.

அவனை நான் கைவிடவில்லை. எங்கள் வாத்திய வண்டி அவன் பொறுப்பில்தான் இருக்கிறது. போன மாதம் அவன் மனைவி, "பிள்ளையைத் தூங்க வைக்கக்கூடப் பாட மாட்டேங்கிறாரு அண்ணா. சும்மா தட்டிக்கொடுக்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள்.

அதனால் சொன்னேன். வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கையிலிருந்த கேபிளைச் சுருட்டி முடிக்கும்வரை கேட்டான். பிறகு என் தோளைப் பிடித்துச் சிரித்தான்.

"என்னைத் தேத்துறதுக்காக இப்படிப் பழியைத் தலையில போட்டுக்காதடா. நீ அப்படிப்பட்ட ஆளா?"

அந்தப் பழைய மிக்ஸர் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. அவன் காதில் மாட்டிக் காட்டினால் அடுத்த நிமிஷமே புரிந்துவிடும். வா, சாப்பிடப் போகலாம் என்று அழைத்துப் போனேன்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் நம்பாததற்கு நான் என்ன செய்ய முடியும்?