பூட்டுன லேப்டாப்

மெக்கானிக்கு வரமாட்டாருங்கண்ணா. வெளிய போர்டுல செல்வி லேப்டாப் சர்வீஸ்னு போட்டிருக்குதுல்ல, அந்தச் செல்வி நாந்தானுங்க. உக்காருங்க.

ஆன் பண்ணுனதும் கறுப்பா வந்து பாஸ்வேர்டு கேக்குதே, இது விண்டோஸ் பூட்டு இல்லீங்க. பயாஸ் பூட்டு. ரூமைப் பூட்டறது வேற, ஊட்டு வாசக் கேட்டையே பூட்டறது வேறல்லங்க? ஃபார்மேட் அடிச்சாலும் போகாது. பழைய மாடல்னா உள்ள இருக்குற சின்ன பேட்டரியக் கழட்டி மாட்டுனாப் போயிரும். இதுல மதர்போர்டு சிப்புலயே ஏறி உக்காந்துக்கும். பின்னாடி மூடியக் கழட்டியும் பிரயோஜனமில்லீங்க, அத நோண்டாதீங்க. இதுக்கு முன்னாடி போன கடையிலயெல்லாம் பில்லு கேட்டிருப்பாங்களே? ஆமாங்களா? திருட்டு மாலுன்னா யாரு கை வெப்பாங்க?

அட, இருங்க. டீ சொல்லியிருக்கேன்.

எங்க வாங்குனீங்க? செவ்வாய்ப்பேட்டையில, செகண்ட் ஹேண்டு, வித்தவன் பேரு தெரியாதுங்கறீங்க. சரிங்க. அப்பறம் எதுக்குங்க உள்ள இருக்குற போட்டோ, மெயிலு ஒண்ணும் அழியக்கூடாதுங்கறீங்க? முன்னாடி வெச்சிருந்தவங்க யாரோட பேசுனாங்கன்னு வாங்குனவருக்கு எதுக்குங்க?

கோவப்படாதீங்க, பொதுவாச் சொல்றேன். இந்தத் தொழில்ல கீபோர்டுக்குள்ள கரப்பான் முட்டை, முடி, சோத்துப் பருக்கைன்னு எல்லாக் கருமத்தையும் பாத்தாச்சு. அதையெல்லாம் பிரஷ்ஷு போட்டுத் தேச்சுருவேன். கொண்டு வார மனுசங்கதான் கொமட்டுதுங்க. போன வாரம் ஒருத்தன், பொண்டாட்டி குளிக்கப் போன நேரம் அவ போனத் தூக்கிட்டு வந்து நிக்கிறான், லாக்கெடுங்கறான். அப்பறம் ஒரு அப்பன் காலேஜ் போற புள்ளையோடதக் கொண்டாந்துட்டு, அக்கறைங்க, அக்கறைங்கன்னு அழுவாத கொறையாப் பேசறாரு. ச்சை! குளிச்சு, திருநீறு பூசி, அயர்ன் பண்ணுன சட்டையப் போட்டுக்கிட்டு வந்து பண்ற வேலையா இது? உங்களச் சொல்லலீங்க. டீயக் குடிங்க, ஆறுது.

இந்த மெஷினு எனக்குத் தெரியுமுங்க. இந்த மூலை ஒடைஞ்சு கெடந்துச்சு, பசை போட்டு ஒட்டுனது நாந்தான். மோனிஷான்னு ஒரு புள்ள என்கிட்டத்தான் செகண்ட் ஹேண்டா வாங்குச்சு. இதுலயே படிச்சு, இதுலயே இன்டர்வியூ குடுத்து, வெளியூர்ல வேலையும் வாங்கிருச்சு. ஊட்ல விடமாட்டேன்னுட்டாங்க. அண்ணன் ஆனந்தகுமாருக்குச் செவ்வாய்ப்பேட்டையில ஜவுளிக்கடை. தங்கச்சி எவனோடயோ பேசுதுன்னு சந்தேகமாம். வேலைக்குப் போகோணும்னு ஒரு புள்ள நெனச்சா அதுக்குப் பின்னால ஒருத்தன் இருக்கோணுமாங்க? அசிங்கமா இல்ல இப்படி நெனைக்க?

எந்திரிக்காதீங்க. உங்க பேரு என்னன்னு நான் கேக்கவே இல்லியே.

ஆமாங்க, பாஸ்வேர்டு தெரியும். நேத்துப் போட்டுக் குடுத்ததே நாந்தான். புள்ளையே சொல்லுச்சு. நாளைக்குத் தோழி ஊட்டுக்குன்னு சொல்லிட்டுக் கெளம்பிருவேங்க்கா, லேப்டாப்பு ஊட்ல இருந்தா நான் திரும்பி வந்துருவேன்னு நெனச்சுக்குவாங்க, எங்கண்ணன் இதத் தூக்கிட்டுக் கடை கடையா அலைவாருன்னுச்சு. கடேசியா என்கிட்ட வந்தா உக்கார வெச்சுப் பேசிட்டு இருக்கறேன்னு நானும் சொல்லி வெச்சேன்.

கேக்குதுங்களா? ஜங்சன்ல ரயில் ஹாரன். அவ்வளவுதான், வண்டி கெளம்பிருச்சு. எந்தப் பக்கம் போற வண்டின்னு என்னையக் கேக்காதீங்க, நான் கேட்டுக்கலை.

இப்ப இப்படித் திருப்புங்க, பூட்டத் தெறந்து உடறேன். பாருங்க, தெறந்தாச்சு. என்ன எழுதிக் காட்டுது? ஹார்டு டிஸ்க்கு இல்லைங்குதா? ஆமாங்கண்ணா, அதையும் நேத்தே கழட்டிக் குடுத்துட்டேன். உங்க தங்கச்சி ஹேண்ட்பேக்குல போகுதுங்க.