தண்ணி டாங்கி மேட்டில் படித்தது

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி ஒரு பெண்ணும், அவளுடைய அண்ணியும் இருந்தார்கள்.

"அப்ப என்னை அட்டை கடிச்சதெல்லாம் சும்மாவா?" என்றாள் அண்ணி.

"புரோகிராம் எழுத எடுத்துக்குற லைப்ரரிக்கு முழு விளக்கமும் நெட்டுலதான் இருக்கும்னு நெனச்சேன் அண்ணி."

"அதுக்கு ரெண்டு மாசமா சிக்னல் தேடி தண்ணி டாங்கி மேட்டுக்கு ஏறுனோம். நீ படிச்ச, நான் கொடை புடிச்சேன்."

"லைப்ரரிய இறக்குனப்பவே விளக்கமும் கம்ப்யூட்டருக்குள்ள வந்திருக்கு. ஒரு பக்கம் விடாம எல்லாம் இருக்கு. போன வாரம்தான் கண்ணுல பட்டுச்சு. அதை வச்சுத்தான் வேலைக்குக் கம்பெனி குடுத்த பரீட்சைய லயத்து வீட்டுல உக்காந்தே முடிச்சேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"திட்டுவீங்கன்னுதான். இன்னிக்கு வேலை கெடச்சிருச்சு, இனித் திட்டமாட்டீங்க."

அண்ணி கணுக்காலைச் சொறிந்துகொண்டே சிரித்தாள்.

"எறங்குனதும் அட்டைக்குப் போட உப்பு வாங்கிக்க. சாயங்காலம் மேட்டுக்கு ஏறணும்."

"இன்னும் எதுக்கு அண்ணி?"

"வெளியூர்ல இருக்க உங்கண்ணன் வேலை முடிஞ்சுதான் போன் எடுப்பாரு. ஒனக்கு வேலை கெடச்சத நான்தான் சொல்லுவேன்."