அட்டையில் தெஸ்மா

– சிரிக்காத யுஸ்னி. இந்தக் கட்டைவிரல் தண்டி டப்பாவுக்குள்ள நாப்பதாயிரம் பாட்டு இருக்கு. உன்னோட கேசட்டு, ரெக்கார்டு, ரீலு எல்லாத்தையும் கொட்டினாலும் இதுல ஒரு மூலைக்குள்ள அடங்கிடும்.

– அடங்கும், அடங்கும். அடக்கி வைக்கிறதுல நீங்க கெட்டிக்காரராச்சே, உடா. செருப்பக் கழட்டிட்டு வாங்க. அந்தக் கதவோர நாற்காலியில உக்காருங்க.

– புருஷனக் கூப்பிடுற மாதிரி இன்னும் 'உடா'ங்கிற, உக்கார மட்டும் கதவோரமா? பதினாறு வருஷம் இந்த வீட்ல உன்கூடக் குடித்தனம் பண்ணவன் நான்.

– பண்ணீங்க. இது எங்கம்மா வீடு, எனக்கப்புறம் நம்ம பொண்ணு வீடு. புருஷனா இருந்தவரைக்கும் நடுக்கூடத்துல உக்காந்தீங்க. தலாக் சொல்லிட்டுப் போனவரு விருந்தாளி. நம்ம மினாங் ஜனங்க வழக்கம் மறந்துபோச்சா, இல்ல என்னை விட்டுட்டுக் கட்டிக்கிட்ட தெஸ்மா மறக்கடிச்சிட்டாளா?

– வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்ட. கேளு, கேளு. நான் சண்டைக்கு வரல.

– தெரியும். ரீலுக்கு வந்திருக்கீங்க.

– உனக்கு யாரு சொன்னா?

– நம்ம புக்கிட்டிங்கி என்ன ஜகார்த்தா மாதிரி பெரிய ஊரா? சந்தையில மரவள்ளி வறுவல் விக்கிறவகூடச் சொல்றா. 'உங்க பழைய வீட்டுக்காரரு போட்ட பாட்ட ஜப்பான்காரன் ரெக்கார்டாப் போடப்போறானாமே, உங்களுக்கு ஒண்ணும் இல்லையா'ன்னு கேட்டுட்டு, வறுவல் ஒரு கை கூடவே போட்டா. பரிதாபப்பட்டுட்டா போல.

– அப்போ விஷயம் சுலபமாப் போச்சு. 'கடைசி பஸ்' பாட்டு. எண்பத்தெட்டுல நம்ம ஸ்டுடியோவுல எடுத்தோமே, அதான். அந்த ஊர்ப் பசங்களுக்கு அது மேல பைத்தியமாம். கேசட்டுல மத்த பாட்டெல்லாம் அவனுக்கு வேண்டாம், அது ஒண்ணுதான். அதுக்கு மூல ரீல் வேணும்கிறான்.

– உங்க நாப்பதாயிரத்துல அந்த ஒண்ணு இல்லையா?

– இருக்கு. அனுப்பினேன்.

– என்ன சொன்னான்?

– விடு யுஸ்னி.

– சொல்லுங்க உடா. கேக்க ஆசையா இருக்கு.

– கிணத்துக்குள்ள தலைய விட்டுப் பாடின மாதிரி இருக்காம். நான் என்ன பண்ணுவேன்? அப்போ டிஸ்க்குல எடம் ஏது? நாலாயிரம் பாட்ட ஏத்தணும்னா பிழிஞ்சுதான் ஏத்தணும்.

– பிழிஞ்சா சாறு போயிடும், சக்கை தங்கும். அன்னிக்கே சொன்னேன். 'பாட்டுங்கிறது காத்து யுஸ்னி, காத்துக்கு எதுக்கு அலமாரி'ன்னீங்க. பெட்டியில நாலு சட்டை, சட்டைக்கு நடுவுல டிஸ்க்கு. 'இந்தக் குப்பையெல்லாம் நீயே வச்சுக் கட்டிக்கிட்டு அழு'ன்னு படியிறங்கினீங்க.

– வழக்கப்படி பிரிஞ்சு போற புருஷன் துணிமணியோட மட்டும்தானே போகணும்.

– கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பேன். வழக்கம் தடுத்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். நீங்க கேக்கவே இல்ல. இப்பச் சொல்லுங்க, யாரு வச்சிருக்கிறது குப்ப?

– என்னுதுதான் குப்ப. போதுமா? ஆனா நியாயத்தச் சொல்லு. இந்த மழை ஊர்ல கேசட்டக் காப்பாத்துறது மனுஷன் செய்யிற வேலையா? ஒண்ணுல பூஞ்சை புடிச்சா பக்கத்துல இருக்கிற பத்துக்கும் புடிக்கும்.

– புடிக்கும். மழை முடிஞ்சதும் ஒவ்வொண்ணா எடுத்து, முன்ன பின்ன ஓடவிட்டு, பஞ்சால தொடச்சு வைப்பேன். மூவாயிரத்தையும் முடிக்கிறதுக்குள்ள அடுத்த மழை வந்துடும். அதனால என்ன? எந்தப் பாட்டு எங்க இருக்குன்னு என் கைக்குத் தெரியும்.

– நான் பேரத் தட்டினா ஒரு நொடியில வந்து நிக்கும். காப்பி மேல காப்பி இருக்கு. வீடே எரிஞ்சாலும் பாட்டு சாகாது.

– அப்படியா? போன வருஷம் எங்கயோ ஒரு கம்பெனி கடைய மூடினான், நீங்க அங்க ஏத்தி வச்சிருந்த எட்டாயிரம் பாட்டும் அவனோடயே போச்சுன்னு பொண்ணுகிட்டப் புலம்பினீங்களாமே?

– அவ அதையும் சொல்லிட்டாளா!

– என் டேப்பு அறுந்தா நான் ஒட்டிக்குவேன். உங்களுது போனா எந்த வாசல்ல போய் நிப்பீங்க? பாருங்க, கடைசியில என் வாசல்லதான் நிக்கிறீங்க.

– சரி, நின்னுட்டேன். குத்திக் காட்டினது போதும். ரீல் இருக்கா, இல்லையா?

– இந்தா ஓடுது, கேளுங்க.

– யா அல்லா... யுஸ்னி... நேத்து எடுத்த மாதிரி இருக்கே!

– நான் மூச்சு இழுக்கிறது கேக்குதா?

– கேக்குது. ஸ்டுடியோ தகரக் கூரையில மழை விழுறதுகூடக் கேக்குது. இதுக்கு நீ காப்பி எடுத்து வச்சிருக்கியா?

– எனக்கெதுக்குக் காப்பி? உலகத்துல இது ஒண்ணுதான். அன்னிக்கு எனக்கு மூணாவது மாசம். மசக்கையும் காய்ச்சலும். பாடி முடிச்சதும் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். இந்தக் குரலுக்கு, கேசட்டு அட்டையில யாரு மூஞ்சி, உடா?

– அது பழைய கதை.

– யாரு மூஞ்சி?

– தெஸ்மா மூஞ்சி.

– தெஸ்மா அப்போ என்ன பண்ணிட்டிருந்தா?

– துணிக்கடையில வேலை.

– பாட வருமா?

– வராது.

– இன்னிக்கு வரைக்கும்?

– கல்யாண மேடையில டேப்பப் போட்டுவிட்டா வாயசைப்பா. நல்லாவே அசைப்பா. மெஷின நிறுத்து யுஸ்னி, டேப்பு தேயும்.

– நிறுத்திட்டேன். ரீலத் தரேன். ஜப்பான் ரெக்கார்டு அட்டையில என் பேர் வரணும். படம் வேண்டாம். 'பாடியவர் யுஸ்னிதார்', அவ்வளவுதான்.

– அய்யோ, அட்டைதான் அவனுக்குப் பாதி உசுரு! மஞ்சக் குடையோட தெஸ்மா நிக்கிறாளே, அதே படத்த அப்படியே போடுறான். அடுத்த மாசம் அங்க மேடை ஏறப்போறா. கையெழுத்தாகி, நோட்டீஸ் அடிச்சாச்சு.

– மேடையில பாடப்போறாளா?

– ரீல்ல இருக்கிறதப் போட்டுவிடுவாங்க. அவ... அதான்.

– வாயசைப்பா.

– ஆமா. இப்பப் போய் பேர மாத்தினா என் மானம் கப்பலேறிடும் யுஸ்னி. வேற என்ன வேணும்னாலும் கேளு.

– சரி, பேரு வேண்டாம். நடந்தது என்னன்னு உங்க வாயால சொல்லுங்க. பதிவு பண்ணி வச்சுக்கிறேன். எனக்கு மட்டும்.

– போன்லயா? அய்யய்யோ, வேண்டவே வேண்டாம்! போன்ல எடுத்தா மஃரிப் தொழுகைக்குள்ள பாதாங் பட்டணம் வரைக்கும் போயிடும். அழிச்சாலும் அழியாது, எங்கயாவது ஒண்ணு முளைச்சுட்டே இருக்கும்.

– இவ்வளவு நேரம் அதத்தானே பெருமையாச் சொன்னீங்க?

– பாட்டுக்கு அது நல்லது. இதுக்கு வேண்டாம். டேப்புல எடு. அந்தப் பெரிய மெஷின்லயே எடு. டேப்ப இந்தக் காலத்துல யாரு கேக்கப் போறா? உன் அலமாரியில கிடந்து நமுத்துப் போகும்.

– உங்க இஷ்டம். டேப்புன்னா டேப்பு. உங்க போன் அடிக்குது பாருங்க.

– தெஸ்மாதான். கார்லயே உக்காந்திருக்கா.

– வாசலுக்குப் போய்ப் பேசுங்க. உள்ள சரியாக் கேக்காது. அதுக்குள்ள நான் மெஷினத் தயார் பண்றேன்.

– வந்துட்டேன், வந்துட்டேன். அவ ஒரு அவசரக் குடுக்கை. ரீல் பெட்டிய நூல் போட்டுக் கட்டிட்டியா? நல்ல காரியம் பண்ணினே.

– உங்க முன்னாடிதானே இருக்கு. பேசி முடிச்சுட்டுத் தொடுங்க.

– மெஷின்ல எந்த டேப்பு மாட்டியிருக்க?

– வீட்ல கிடந்த பழசுதான். போனாப் போகட்டும். மைக்கப் பக்கத்துல இழுத்துக்கங்க. முட்டைத் தேநீர் ஆறுறதுக்குள்ள ஆரம்பிங்க. ம், ஓடுது.

– நான்... பக்தியார். 'கடைசி பஸ்' கேசட்டத் தயாரிச்சவன். அதுல பாடினது யுஸ்னிதார், அப்போ என் மனைவி. அட்டையில இருக்கிற தெஸ்மா ஒரு வரிகூடப் பாடல. போதுமா?

– என் படம் ஏன் வரல?

– உன் தாய்மாமா சம்மதிக்கல. குடும்பத்துப் பொண்ணு மூஞ்சி கடைகடையாத் தொங்கக் கூடாதுன்னாரு. உனக்கே தெரியுமே.

– எனக்குத் தெரிஞ்சது நீங்க சொன்னதுதான். மாமாகிட்ட எந்த நாள், எங்க வச்சுக் கேட்டீங்க?

– முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தின கதை, எனக்கெப்படி...

– நீங்கதான் பேசணும். டேப்பு ஓடுது. சும்மா உக்காந்தா சும்மா இருக்கிறதும் பதிவாகும்.

– கேக்கல.

– சத்தமா.

– கேக்கலடி! உன் மாமாகிட்ட நான் போகவே இல்ல. மாமா பேரச் சொன்னா நீ மறுபேச்சு பேச மாட்டேன்னு தெரியும். நம்மள்ல மருமக மேல தாய்மாமனுக்குத்தானே அதிகாரம். புருஷன் சொன்னா சண்ட போடுவ, மாமன் சொன்னான்னா வாய மூடிப்ப. அதான் சொன்னேன்.

– யாருக்காக?

– தெஸ்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அட்டையில அவ மூஞ்சிதான்னு.

– அப்பவேவா? நான் மூணு மாசமா இருந்தப்பவேவா?

– அப்பவேதான். சின்ன வயசு யுஸ்னி, புத்தி வேலை செய்யல.

– முப்பத்திமூணு சின்ன வயசா? சரி, இப்ப நான் சொல்றதும் ஏறட்டும். பதினோரு வருஷம் எங்க மாமாகூட நான் பேசல. ஒவ்வொரு பெருநாளுக்கும் ரெண்டாங் கறி கொண்டுவந்து அந்த வாசல்ல நிப்பாரு. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு, வீட்ல இல்லைன்னு சொல்லச் சொல்லுவேன். அவர் மய்யித்து எடுக்கிற அன்னிக்கு, சொந்தத் தாய்மாமன் வீட்ல, வெளியாள் மாதிரி நின்னேன். போன மாசம் மாமி கேசட்டு ஒண்ணக் கொண்டுவந்து குடுத்தாங்க. மாமா வாங்கி வச்சிருந்ததாம். 'நம்ம புள்ள பாட்டு, நம்ம புள்ள மூஞ்சியக் காணோமே, நம்ம வீட்டுப் பொண்ணக் காட்ட இவங்களுக்கு என்ன வெக்கம்'னு சாகிற வரைக்கும் கேட்டுட்டிருந்தாராம்.

– எனக்கு... இது தெரியாது யுஸ்னி. சத்தியமாத் தெரியாது.

– தெரிஞ்சிருந்தா?

– அந்தத் தேநீர இப்படி நகத்து, ஆறிப்போகுது.

– உடா, பாதி தூரம் வந்திருக்கோம். மீதி அப்படியே இருக்கு. கடைசியாக் கேக்கிறேன். என் பேரப் போடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த நிமிஷமே மெஷின நிறுத்திடுறேன்.

– நீ நிறுத்தினாலும் நிறுத்தாட்டியும் அது மட்டும் நடக்காது. தெஸ்மா வெளியில தலைகாட்ட முடியாது. கேளு, கேளு. கோபப்படாம கேளு. இவ்வளவு வருஷம் உன் பேர் இல்லாமயே பாட்டு ஓடிச்சு. இப்ப வந்து என்ன ஆகப்போகுது? உனக்கும் வயசாச்சு. நீ என்ன மேடை ஏறப் போறியா?

– இல்ல. ஏறப் போறதில்ல.

– அப்புறமென்ன? நீ பெரிய மனசுக்காரி. இவ்வளவு நாள் பொறுத்தவ.

– சரி, அப்ப பேசுங்க. மிச்சம் வைக்காமப் பேசுங்க. போட்டோக்காரன் எடுத்த என் படத்த என்ன பண்ணீங்க?

– கிழிச்சேன்.

– கேசட்டு வித்து ஊரெல்லாம் பேர் வாங்கினப்போ, பேட்டியில 'என் கண்டுபிடிப்பு தெஸ்மா'ன்னு சொன்னீங்களே, அப்போ நான் எங்க இருந்தேன்?

– இந்த வீட்ல... பொண்ணுக்குப் பால் குடுத்துட்டு ரேடியோவக் கேட்டுட்டிருந்த. நான் வந்ததும் சொன்ன, 'நல்லாப் பேசினீங்க'ன்னு. எனக்கு அப்போ கொஞ்சம் உறுத்துச்சு. கொஞ்சம்தான். பொய் சொல்லல, கொஞ்சம்தான். அப்புறம் பழகிப்போச்சு.

– முடிஞ்சதா?

– முடிஞ்சது. இனிமே என்கிட்ட ஒண்ணுமில்ல. சொல்லப்போனா மனசு லேசான மாதிரி இருக்கு. அந்த டேப்ப உன் கேசட்டுக் காட்டுக்குள்ள எங்கயாவது புதைச்சுடு. நான் கிளம்புறேன், ஹாரன் அடிக்கிறா பாரு. பெட்டி என்ன இவ்வளவு கனமே இல்லாம இருக்கு?... யுஸ்னி, மூடி இடுக்கு வழியாவே தெரியுது, உள்ள ஒண்ணுமில்ல! ரீல் எங்கடி?

– மெஷின்ல, உடா. இவ்வளவு நேரம் நீங்க பேசினது அந்தப் பாட்ட அழிச்சு அது மேலதான் ஏறியிருக்கு. கழட்டித் தரேன், எடுத்துட்டுப் போங்க. ஜப்பான் மேடையில தெஸ்மா இதுக்கு வாயசைக்கட்டும்.